எந்த இடம் என்று சொல்லாதவர்

கனடாவில் இருக்கும் தம்பியின் காணிக்கு மதில் கட்டவென்று நெடுந்தீவில் நான் அத்திவாரம் வெட்டுவித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தார். ஆண்கள் போடும் முழுக்கைச் சேட்டு, வெயிலில் கறுத்த முகம், கையில் மடிக்கணினி. செய்மதிப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு ஒப்பிட்டுப் பார்த்து, காட்டுக் குதிரைகளின் மேய்ச்சல் நிலமோ வழியோ அடைபடுகிற இடங்களில் சிவப்பு அடையாளம் வைக்குமாம். அந்த இடங்களை நேரில் வந்து பார்த்து, குதிரைகளை மறிக்கும் கட்டட வேலையை நிறுத்துவிப்பது அவருடைய வேலை.

நான் வழக்கம்போலத் தொடங்கினேன். "பிள்ளை எந்த இடம்?"

எங்கள் தீவுகளில் ஊரைச் சொன்னால் போதும், ஒரு சொந்தம் பிடித்துவிடலாம். பிறகு எந்த உதவியும் கேட்கலாம். அவரோ சிரித்துவிட்டுத் திரையைத் திருப்பினார். தம்பியின் காணி சிவப்பாகக் கிடந்தது.

"குதிரையள் தண்ணிக்குப் போற வழி இது, ஐயா."

தேத்தண்ணீர் கொடுத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் சிரிப்பு.

"இந்தச் சிவப்பை எடுக்க ஏலாதோ? ஆரோடை கதைக்கோணும்?"

"இந்தக் கொம்பியூட்டருக்கு மாமன் மச்சான் ஒருத்தரும் இல்லை, ஐயா. நான் இடத்தைச் சொன்னா நீங்கள் என்ரை மாமாவுக்குப் போன் எடுப்பியள். மதிலைக் கட்டுங்கோ. குதிரையளுக்கு ஒரு வழி விடுங்கோ. நானே வந்து பாத்துச் சிவப்பை எடுப்பன்."

தம்பி போனில் கத்தினான். நான் வழி விட்டேன். சொன்னபடி அவரும் வந்து சிவப்பை எடுத்தார். இந்தக் கோடையிலும் குதிரைகள் அதனூடாகத்தான் தண்ணீருக்குப் போகின்றன.

"அவ ஆரின்ரை பிள்ளை?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அப்படிச் சொல்வதில் எனக்கே ஒரு பெருமை.