டனாகாவின் கோட்டில் கஞ்சா வாசம்

2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை எட்டரைக்கு ஃப்ரீமான்டிலிருந்து காரில் கிளம்பினோம். சான் ஃபிரான்சிஸ்கோ நாற்பது மைல். பக்கத்து சீட்டில் டனாகா. டோக்கியோவிலிருந்து எங்கள் சான்டா கிளாரா ஆபீசுக்கு மூன்று வார வேலையாக வந்தவர். மறுநாள் மதியம் விமானம். ஆபீஸ் விட்டால் ஹோட்டல் என்றே கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லீவு நாளிலும் கோட்டு சூட்டுதான்.

பே பிரிட்ஜ் டோல் மூன்று டாலர். பாலத்தின் மேல் நல்ல வெயில். மனுஷன் முதல் தடவையாக ஜன்னலை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

பத்தரை மணிக்கு கோல்டன் கேட் பூங்கா. புல்வெளியில் ஒரு கூட்டம் மேளம் தட்டி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கே கால் துறுதுறுத்தது. அப்போது ஒரு தாடிக்காரர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புகை விட்டார். கஞ்சா. "டாக்டர் சீட்டு இருக்கு, பயப்படாதீங்க" என்றார். கலிபோர்னியாவில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம்.

டனாகா எழுந்து ஓடினார். பிடித்தபோது கார் பக்கத்தில் நின்று கோட்டைக் கழற்றி முகர்ந்துகொண்டிருந்தார்.

"எங்கள் நரிதா ஏர்போர்ட்டில் மோப்ப நாய் இருக்கிறது."

"நீங்க இழுக்கவே இல்லையே!"

"அது நாய்க்குத் தெரியாது. வாசம் பிடித்தால் அப்படியே உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்தால் வேலை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. என் மேலாளர் எல்லோர் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு முதுகுவலி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஊர்ல டை கட்டினவன் எல்லாம் குடிச்சிட்டு ரயில்ல விழுந்து கிடக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது களைப்பு. இது குற்றம்."

"இங்கே சட்டமே விடுது, டனாகா சான்!" கோபத்திலும் அவர்கள் ஊர் மரியாதைச் சொல்லான 'சான்' மட்டும் விடவில்லை.

"அது இந்த ஊரின் சட்டம். எனக்கு எங்கே போனாலும் குற்றம்தான்."

பன்னிரண்டரைக்கு வீடு. என் மனைவி ஷமீமா கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டை வாஷருக்குப் போனது. கோட்டும் பேன்ட்டும் மௌரி அவென்யூவில் ஒரு சலவைக் கடைக்குப் போயின. பதினான்கு டாலர், ஐந்து மணிக்குள் கிடைக்கும். டனாகா என் லுங்கியைக் கட்டிக்கொண்டு மட்டன் பிரியாணிக்கு உட்கார்ந்தார். எங்களுக்கு அவர் பரிசாகக் கொடுத்திருந்த ஜப்பான் மிளகாய்ப் பொடியைத் தானே எடுத்துத் தூவிக்கொண்டார். ஷமீமா டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"மச்சான், இதுல ஹெம்ப் சீட்னு போட்டிருக்கே. கஞ்சாச் செடி விதைதானே?"

டனாகாவிடம் கேட்டேன். அவர் கை அப்படியே நின்றது. "இது நூடுல்ஸில் போடுவது. எங்கள் கோயில் கயிறுகூட அந்தச் செடியின் நார்தான். அதெல்லாம் வேறு."

"எப்படி வேறு?" என்றேன்.

"எங்கள் ஊரில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்" என்றவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் தூவிக்கொண்டார்.

நான் ஜெயித்த மாதிரி துள்ளினேன். ஷமீமா விடவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? போன வருஷம் துபாய் போறப்ப குருமாப் பொடியில கசகசா இருக்குன்னு பெட்டியையே கவுத்துக் கொட்டினீங்களே! நம்ம ஊர்ல அது மளிகைச் சாமான். அங்க அபின் செடி விதைன்னு ஜெயில். அப்ப பயம் இல்லையா?"

நியாயம்தான். டனாகாவுக்கு இதை விளக்கியதும் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "கசகசா, கசகசா" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏர்போர்ட். கோட்டை அவர் ஒரு தடவை முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார். சோப்பு வாசம்தான். ஷமீமா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்: "ஃப்ளைட்ல சாப்பிடுங்க." அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கள் மாலை ஐந்து மணிக்கு டோக்கியோ ஆபீசிலிருந்து போன்.

"நாய் உட்கார்ந்தது" என்றார் டனாகா.

"ஐயோ, கோட்டுக்கா?" என்றேன்.

"கோட்டுக்கு இல்லை. பிரியாணிக்கு. மிச்சம் வைத்திருந்தேன். எறிந்தால் ஷமீமா சானுக்கு மரியாதை இல்லையே. வெளிநாட்டு இறைச்சியை உள்ளே கொண்டுவரக் கூடாது, அது இறைச்சி தேடும் நாயாம். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பிரியாணி என்றதும் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். "என் மேலாளர்தான்" என்றார்.

கசகசாவுக்குப் பெட்டியைக் கவிழ்த்த எனக்கு மட்டன் தோன்றவே இல்லை. ஷமீமாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அப்ப மிச்சத்த யாரு சாப்பிட்டா, நாயா?"