ஜப்பான் வர்றான்

நான் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, கோலசிலாங்கூரில் எங்கள் செம்பனைத் தோட்டத்திலேயே அதிகம் பேர் போன மனிதர் ஒரு ஜப்பான்காரர். அவர் அங்கே வந்ததே இல்லை. ஐரோப்பாவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவரை மன்றத்துத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. நம் நாட்டு ஆட்டக்காரர்களின் படங்களும் லயத்து வீட்டுச் சுவர்களில் இருந்தன. ஆனால் பையன்கள் பனியன் முதுகில் கரியால் எழுதிக்கொண்டது அந்த ஜப்பான்காரரின் எண்ணைத்தான். நம்மைப் போலக் கட்டையாக இருந்துகொண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே புகுந்து போகிறாரே என்று அவர்களுக்குப் பெருமை. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் ‘ஜப்பான்’ என்றோம். அவரைப் போலவே விளையாடிய எங்கள் அண்ணனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அப்பாவின் அக்கா கலும்பாங்கில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். அன்று பக்கத்துக் கிராமமான தஞ்சோங் காராங் கம்பத்துப் பையன்களோடு ஆட்டம்.

“எம் மருமவன் ஆடுறத நானும் பாக்குறேன்லா.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. “வேணாங்க்கா, வெயிலு” என்றார். அத்தை குடையை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். அப்பா பின்னாலேயே வந்தார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரு பக்கமும் சமம். அண்ணன் பந்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. திடலே எழுந்து கத்தியது:

“ஜப்பான் வர்றான்! டேய், ஜப்பான் வர்றான்டோய்!”

அத்தையின் பிடி இறுகியது. குடை எங்கேயோ விழுந்தது. என்னை இழுத்துக்கொண்டு செம்பனைகளுக்குள் ஓடினார். முள் கிழித்தது, என் செருப்பு ஒன்று கழன்றது. வரப்போரக் கான் பள்ளத்தில் என்னை அமுக்கி, தானும் படுத்து, என் வாயைப் பொத்தினார். எனக்கு மூச்சு முட்டியது. திடலில் பெரிய கூச்சல் எழுந்தது. அதைக் கேட்டதும் இன்னும் அமுக்கினார்.

அப்பா ஓடி வந்தார். “அக்கா!”

“குனிடா! லோரி நிக்குதா? அண்ணன ஏத்திட்டாங்களா?”

அப்பா வெள்ளைக் காற்சட்டையோடு சேற்றில் இறங்கி அத்தை பக்கத்தில் குந்தினார். நான்தான் திமிறிக்கொண்டு சொன்னேன்:

“லோரியும் இல்ல, ஒண்ணுமில்ல அத்தை. அண்ணன் கோல் போட்டிருச்சு!”

அன்று மாலை, அந்தப் பெயர் இனி வீட்டில் கேட்கக்கூடாது என்றார் அப்பா.

அண்ணனுக்குக் கோபம். “அவரு என்னப்பா செஞ்சாரு? பந்துதான ஆடுறாரு?”

“அவரு ஒண்ணும் செய்யலடா” என்றார் அப்பா.

எனக்கொரு பெரியப்பா இருந்தார் என்பதும், ஜப்பான்காரன் ஆட்சியில் அவரை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்பதும், அவர் திரும்பவே இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அத்தை கேட்டது என் அண்ணனைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அண்ணன் பத்திரமாகத் திடலில் நிற்கிறது என்று அத்தனை தடவை சொன்ன பிறகும் அத்தை ஏன் அழுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.