மூடி வைத்த தறி

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். செவிலிமேட்டுப் பக்கம் வாடகை வீடு. கணவருக்குத் தாலுக்கா ஆபீசில் வேலை. எங்கள் லுத்தரன் சபை மிகச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்களில் யார் வரவில்லை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அந்தச் சபையின் மாதர் சங்கத்துக்கு நான் காரியதரிசி. வாய் நீளம் என்பதற்காகத்தான் அந்தப் பதவியே எனக்குக் கிடைத்தது என்று என் கணவர் கேலி செய்வார்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவோம். மாதக் கடைசி ஞாயிறன்று அந்தப் பிடி அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுவருவோம். அதை விற்று வருவது வெளிநாட்டு மிஷன் ஊழியத்துக்கு. வெளிநாடு என்றால் எங்களுக்கு ஆப்பிரிக்காதான். எங்கள் சபையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், நர்ஸ் படிப்பு முடித்து, அங்கே ஒரு மலையடிவாரத்து லுத்தரன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்குப் போயிருந்தாள். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்று அரிசி வாங்கிய காலம் அது. அப்படியும் அவளுக்கான பிடி மட்டும் நின்றதில்லை.

அவள் எழுதிய ஒரு கடிதத்தில், ஆஸ்பத்திரியின் சின்னக் கோயிலில் பலிபீடம் என்று தனியாக ஒன்றும் இல்லை, மருந்து வந்த மரப்பெட்டிகளை அடுக்கி அதன் மேல் பெட்ஷீட் விரித்திருக்கிறோம் என்று இருந்தது. படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. காஞ்சிபுரத்துக்காரர்கள் நாம் இருக்கும்போது பெட்ஷீட்டா? வருகிற கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெட்டிகளின் மேல் நம் ஊர் வெள்ளைப்பட்டு விரிய வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். வேலை யார் தலையில் விழும்? என் தலையில்தான்.

பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து தறி போட்டிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி பூசும் சைவக் குடும்பம். தம்பியின் வீட்டில்தான் இரண்டு தறியும் இருந்தன. அண்ணன் வீடு ஓரிக்கையில். காலையில் சைக்கிளில் வந்துவிடுவார். தம்பிக்கு என் வயதுதான் இருக்கும். நடுவில் ஒரு சிலுவை, ஓரத்தில் மெல்லிய ஜரிகை என்று நான் ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு போனேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமிக்குத்தானே? நெய்யலாம்மா" என்றார். அவ்வளவுதான். அதிகம் பேசாத மனிதர்.

நூலும் ஜரிகையும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். செப்டம்பர் கடைசிக்குள் கப்பல் பார்சலில் போட்டால்தான் கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேரும் என்று நாலு தரம் சொன்னேன். நாலு தரமும் இருவரும் தலையாட்டினார்கள். ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பாதி ஆகியிருந்தது. அண்ணன்தான் தறியில் உட்கார்ந்திருந்தார். தும்பைப்பூப் போல வெள்ளை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செப்டம்பர் நடுவில் மறுபடி போனேன். எங்கள் தறியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி மூடி வைத்திருந்தார்கள். அண்ணனைக் காணோம். பக்கத்துத் தறியில் தம்பி உட்கார்ந்து, கடை முதலாளிக்காக ஒரு பச்சைப் புடவை நெய்துகொண்டிருந்தார். தலை புது மொட்டை. மீசைகூட இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏம்பா, எங்க துணிய மூடி வெச்சிட்டு முதலாளி புடவை நெய்துக்கினு இருக்கியா?"

அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். "கோச்சிக்காதீங்க டீச்சரம்மா. கொஞ்ச நாளு பொறுங்க. முடிச்சித் தந்துடறேன்."

"கொஞ்ச நாள்னா? உனக்காகக் கப்பல் காத்துக்கினு நிக்குமா?"

அவர் மூடி வைத்த தறியைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கினு வர்றதுக்கு நேரம் இருக்குது. எங்க ஆண்டவர் துணிக்கு மட்டும் நேரம் இல்லையா?" என்று கத்தினேன்.

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண், "டீச்சரம்மா, அது வந்து..." என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்க நின்றால்தானே? அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து, மாட்டிக்கொண்டான், அதுதான் முழிக்கிறான் என்று நினைத்தேன். "எங்களுக்குத் துணியே வேணாம். நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

அந்த வாரமே கடைத்தெருவில் மில் துணி வாங்கி, பெண்கள் கூடி உட்கார்ந்து அதில் சிலுவை தைத்து, பார்சலை அனுப்பியாயிற்று. பட்டு என்னாயிற்று என்று கேட்டவர்களிடம் நெசவுக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். வேறு சாமி கும்பிடுகிறவர்களுக்கு நம் அவசரம் எங்கே புரியப்போகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

டிசம்பர் வந்தது. எங்கள் சபையில் இராப்போஜனம், அதாவது நற்கருணை, எடுக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பேர் எழுதும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரோடயும் மனஸ்தாபம் இல்லையே?" இருந்தால் போய்ச் சமாதானம் செய்துகொண்டு வர வேண்டும். அதுதான் முறை. நான் கோயில் பெஞ்சுகளை வரிசையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். யாரோடும் இல்லை. "இல்லீங்க ஐயரே" என்றேன். பேரை எழுதிக்கொண்டார். அதே வாரத்தில் நர்ஸிடமிருந்து கடிதமும் வந்தது. நீங்கள் அன்போடு அனுப்பிய துணி வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தாள். அதைக் கூட்டத்தில் நான்தான் சத்தமாக வாசித்தேன். அந்த 'அன்போடு' எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் லீவு. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்தத் தம்பியின் மனைவி. மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்கம்மா. உங்க சாமி துணி."

"நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே" என்றேன்.

"நீங்க வேணாம்னு சொல்லிடலாம். சாமிக்குன்னு பாவு ஏத்தனத நாங்க இன்னா பண்றது? வேற யாருக்கும் விக்க முடியாது. ரெண்டு மாசமா சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தோம். உங்க பண்டிகை வருதேன்னு எடுத்தாந்தேன்."

பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். திரும்பிப் போகப் போனவள் நின்றாள்.

"கூலி கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அது திருத்தணி மொட்டை இல்லம்மா."

அப்புறம் அவள் சொன்னதை நின்ற இடத்திலேயே கேட்டேன். செப்டம்பரில் ஒருநாள் காலை ஓரிக்கையில் சைக்கிளை எடுக்கப்போன அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் மொட்டை போட்டு, கொள்ளி வைத்திருக்கிறார். நான் போய்க் கத்தியது அதற்கு எட்டாம் நாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அவர்களுக்குத் தீட்டு.

"தீட்டோட சாமி துணிய எப்டிம்மா தொடறது? வவுத்துக்கு நெய்யறது வேற. சாமிக்கு நெய்யறது வேற. அதான் மூடி வெச்சாரு. காரியம் முடிஞ்சதும் தெனம் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் உங்க தறில ஒக்காந்தாரு."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சாமி துணி கேட்டு வந்து நிக்கறவங்ககிட்ட எடுத்த எடுப்புல சாவு சேதிய சொல்றதான்னு தயங்குனாரு. அதுக்குள்ள நீங்க எங்க பேச உட்டீங்க?"

காபி சாப்பிட்டுப் போகச் சொன்னேன். வேணாம்மா என்று போய்விட்டாள். உள்ளே சட்டியில் அதிரசம் கரிந்து வீடெல்லாம் புகை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கேலி செய்கிறவர், அன்று கேலி செய்யாமல் பொட்டலத்தை எடுத்துப் பைபிள் பக்கத்தில் வைத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கள் ஆண்டவருக்கான துணியை நான் கப்பல் பிடிக்க வேண்டிய பார்சலாகத்தான் பார்த்திருந்தேன். எங்கள் கோயிலுக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர் அதைச் சாமி துணியாகப் பார்த்து, அதற்காகத் தெருவில் என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். எத்தனை வருஷமாகப் பிடி அரிசி போட்டு என்ன பிரயோஜனம் என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் ஐயர் வீட்டுக்குப் போனேன். "என் பேரை அடிச்சிடுங்க ஐயரே" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். "பண்டிகைக்கு இன்னும் நாலு நாள் இருக்குது டீச்சர். பென்சில்லதான் எழுதியிருக்கேன். இப்போதைக்கு இருக்கட்டும்" என்று மூடிவிட்டார்.

மூன்று நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், ஒரு டப்பா அதிரசத்தையும் மஞ்சள் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். வீட்டுக்குள் போய் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் நான் ஏசியது தெருவில். அன்றைக்கும் தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் வாசலிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அண்ணே, நான் பேசினது பெரிய தப்பு. உங்க துக்கம் தெரியாம, என்னன்னு கேக்காம ஏசிட்டேன். என்னை மன்னிக்கணும்."

தறிச் சத்தம் நின்றது. தம்பி வாசலுக்கு வந்தார். தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. "உள்ள வாங்கம்மா. தெருவுல நின்னுக்கினு எதுக்கு" என்றார்.

உள்ளே போனேன். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றெல்லாம் அவரும் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, துணியைப் பாயில் விரித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இதுவரைக்கும் அண்ணன் அடிச்சது. அவுருக்குக் கை கனம். இதுக்கு மேல என்னுது. உத்துப் பாத்தாத் தெரியும்."

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு. அதற்குக் கீழே நெசவு கொஞ்சம் இறுக்கம், மேலே கொஞ்சம் இளக்கம்.

"அவுரு தொட்ட கடைசித் துணி. இது அந்த ஊருக்குப் போவுமா?"

"போகும் அண்ணே. நான் அனுப்பறேன்."

"அங்க எங்க அண்ணனுக்காவ ஒரு வேண்டுதல் சொல்லுவாங்களா?"

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் என் வாய் சரியான நேரத்தில் மூடியது அப்போதுதான். "எழுதறேன் அண்ணே" என்றேன்.

கூலிப் பணத்தைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பும்போதுதான் கையில் டப்பா இருப்பது ஞாபகம் வந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு இனிப்பு எடுத்து வந்திருக்கிறேனே, இதுவும் ஒரு தப்போ என்று தவித்தேன். ராட்டையை நிறுத்திவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

"இந்த வருசம் எங்க ஊட்ல பலகாரம் சுடக்கூடாதும்மா. ஒறவுக்காரங்கதான் கொண்டாந்து குடுக்கணும். குடுங்க" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள். "ஒக்காருங்க, காபி போடறேன்."

உட்கார்ந்தேன். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் காலையில், ஆராதனைக்கு முன்பே பெண்களை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, நெசவுக்காரர்கள் ஏமாற்றவில்லை, நான்தான் உங்களிடம் தவறாகச் சொன்னேன் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். வெளிநாடு போவதற்கு முன் அந்தப் பட்டு ஒருநாள் எங்கள் பலிபீடத்தில் விரியட்டும் என்றார் ஐயர். இராப்போஜனத்துக்காக முழங்கால் போட்டபோது துணியின் ஓரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அந்தக் கோட்டைத் தேடினேன். இருந்தது. தேவ சமாதானம் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஐயர் சொல்லி ஆசீர்வதிப்பார். நானும் தலையைக் குனிந்து ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குள் வந்து உட்கார்ந்தது. மனதில் ஒரு பாரமும் இல்லை. யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று இருந்தது. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஜனவரியில் துணியை அனுப்பினேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் கடிதமும் எழுதினேன். கோடை லீவில் பதில் வந்தது. ஈஸ்டர் அன்று அந்தப் பட்டை விரித்தார்களாம். அதை நெய்தவர் கதையை அவள் அவர்கள் பாஷையில் சொன்னதும், ஜனங்கள் எல்லாரும் எழுந்து நின்று, அந்த அண்ணனின் கைகளுக்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார்களாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போய் வாசித்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார் தம்பி. வாசித்தேன்.

பிறகு மாற்றலாகி எத்தனையோ ஊர் போய்விட்டோம். ஆனாலும் இராப்போஜனத்துக்குப் போகும் முன் யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போதெல்லாம், என் மனம் கோயில் பெஞ்சுகளோடு நிற்பதில்லை. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, பாவு நீட்டியிருக்கும் அந்த வீடு வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது.