ஏற்காட்டு இறக்கமும் நான் சொன்ன உண்மையும்

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழையில், கல்பாக்கத்திலிருந்து மனைவியுடன் ஏற்காடு போயிருந்தேன். வாடகைக் காரை ஓட்டியவர் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரர் சேகர். திரும்பி இறங்கும்போது மலையெங்கும் புதிதாக அருவிகள் விழுந்துகொண்டிருந்தன. மகன் வாங்கித் தந்த வீடியோ கேமராவில் அவற்றைப் பதிவுசெய்துகொண்டே வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சேகர் ஆரன் அடித்தார்.

“அருவிச் சத்தமே பதியலப்பா. உன் ஆரன்தான் கேக்குது. அடிக்காம ஓட்டு.”

“மழைல எதுத்தாப்புல வர்றவனுக்கு இன்னா சார் தெரியும்? இத்த கேட்டுத்தான் ஒதுங்குவான்.”

“நான் சொல்றேன், அடிக்காதே.”

“சரி சார், அருவியே பேசட்டும்” என்று சிரித்தார்.

அடுத்த வளைவில் பால் கேன் கட்டிய மொபட் ஒன்று ஏறி வந்தது. சேகர் பிரேக்கை மிதித்தும் கார் ஈரத்தில் வழுக்கி அதன்மேல் மோதியது. மொபட்டில் வந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

அடிவாரக் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், “நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ஆரன் அடிச்சானா?” என்று என்னிடம் கேட்டார்.

“அடிக்கல” என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் பேச்சும் பதிந்திருந்த கேமரா என் பைக்குள் இருந்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் இருந்த சேகர் என்னைப் பார்த்தார். ஏன் அடிக்கவில்லை என்று அவரும் சொல்லவில்லை.

நாங்கள் கிளம்பும்போது, “அம்மாவ இட்டுகினு சீக்கிரம் பஸ்ஸப் புடிங்க சார். மழை வலுக்குது” என்றார்.

சேகர் சிறைக்குப் போனார். நான் சொன்னது பொய்யில்லையே என்று பல வருடங்கள் என்னைத் தேற்றிக்கொண்டேன். இந்த வயதில் அது முடியவில்லை. அன்று அவர் என்னைக் கைகாட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? மறுத்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.