அக்காவிடம் கேட்காத கேள்வி

யுத்த காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஒரே வைத்தியர். பக்கத்து ஊரில்தான் அக்கா குடியிருந்தாள். ஒருநாள் காலை வயிற்று வலி என்று வந்தாள்.

வேறு யாராவது என்றால் நோயாளர் துண்டு எழுதி, கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருப்பேன். வந்தது அக்கா. "சாப்பிடாமக் கிடந்திருப்பாய், வயித்துல வாயுதான்" என்று செல்லமாக ஏசிவிட்டு, மாத்திரைகளைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது. மறுநாளும் வந்தாள். இன்னும் பலமான வலி மாத்திரை கொடுத்தேன். தம்பி டொக்டராக இருக்கும்போது என்ன பயம் என்ற பெருமை அவளுக்கு. எனக்கு அதைவிடப் பெருமை.

மூன்றாம் நாள் அத்தான் அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். முகம் வெளிறியிருந்தது, நாடி விரலுக்குச் சரியாக அகப்படவில்லை. நான் அவளுடைய கையை விடாமல் நாடியையே தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் மருத்துவிச்சி என்னை விலக்கிவிட்டுக் குனிந்து, மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா இல்ல" என்றாள் அக்கா, என் பக்கம் பாராமல்.

கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கி வெடித்திருந்தது. அந்தக் கேள்வியை நாளுக்குப் பத்துப் பெண்களிடம் கேட்பவன் நான். கூடப் பிறந்தவளிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

சத்திரசிகிச்சை என்றால் வாவிக்கு அக்கரையில் உள்ள பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். முதல் இரண்டு நாளும் ஓடிய படகுச்சேவை, அன்று காலை கேட்ட வெடிச்சத்தங்களோடு நின்றுவிட்டது. அவளைத் தோணியில் கிடத்தி, வெள்ளைக் கட்டில் விரிப்பைக் கம்பில் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனோம். அக்கரைக் காவலரணில் இராணுவத்தினர் துவக்கை நீட்டியபடி முக்கால் மணி நேரம் மறித்து வைத்தார்கள். அவ்வளவு நேரமும் அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

எப்படியோ பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தம்பிக்கிட்ட அதையெல்லாம் எப்பிடி மனே சொல்ற?" என்றாள், எங்கள் ஊர் வழக்கில் மகனே என்று செல்லமாக அழைத்து.

அதன்பிறகு சொந்தக்காரர் யார் மருந்து கேட்டு வந்தாலும் வேறு ஊர் வைத்தியரிடம்தான் அனுப்புகிறேன். தலைக்கனம் பிடித்தவன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு நாளும் அக்காவுக்குத் தேவைப்பட்டது எதையும் கூசாமல் கேட்கக்கூடிய ஓர் அந்நியர். அவளுக்குக் கிடைத்தவனோ தம்பி.