காகிதத்தில் பதினெட்டு

ஐந்து ஊக்குகள். இப்போதும் உறுதியாகச் சொல்லுவேன், ஏனென்றால் அம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எனக்குப் பத்து வயது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் வாசலில், பனி விலகாத காலையில் அம்மா தன் சேலையை அக்காவுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆள் சற்றுப் பருமனாகத் தெரியவேண்டும் என்று உள்ளே இரண்டு பாவாடை. தோளில் ஓர் ஊக்கு, இடுப்பில் இரண்டு, கொசுவத்தில் ஒன்று, தொளதொளத்த ரவிக்கையை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்க ஒன்று. "மூச்சு விட முடியலம்மா" என்றாள் அக்கா. "ஆபீசுக்குப் போய்ட்டு வந்து விட்டுக்க" என்றாள் அம்மா.

அப்பா மலையில் கவ்வாத்து என்று தேயிலைச் செடிகளைக் கழித்து வெட்டும்போது சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்த நேரம் அது. அம்மா ஒருத்தி பறிக்கும் கொழுந்து நான்கு வயிற்றுக்குப் போதாது. அதனால் தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்ரோலில் அக்காவின் பெயரையும் பதிய முடிவாயிற்று. அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பெயர் பதியப் போதாத வயது. ஆனால் காகிதத்தில் பதினெட்டு. அவளுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டாம் மாதத்தில் இறந்திருந்தது. அந்தக் குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்தவளுக்கும் ஆசையாக வைத்தார்கள். பெயர் ஒன்றுதானே, பிறப்புப் பத்திரமும் ஒன்று போதும் என்று அப்பா இரண்டாவதை எடுக்கவே இல்லை. அந்தத் தவறு பதினைந்து வருடம் தகரப் பெட்டிக்குள் தூங்கிக் கிடந்து, அன்றைக்கு வீட்டுக்கு உதவியாக எழுந்து வந்தது.

நானும் பின்னாலேயே போனேன். தோட்ட ஆபீசில் பதிவேடு எழுதும் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பத்திரத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கி அக்காவைப் பார்த்தார். "கடதாசியில பதினெட்டு எண்டு கிடக்கு. ஆளைப் பாத்தா பதின்மூண்டுக்கு மேல சொல்லேலாது." அம்மா, "சாப்பாடு பத்தலைங்க ஐயா, அதான் வளரல" என்றாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து செக்ரோலில் எழுதினார். அடுத்த நாள் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் அந்தக் கூட்டத்தில், அக்காவின் பெயர் கூப்பிடப்பட்டது. பத்தாம் வகுப்பில் அவள் பெயர் கூப்பிடுவது நின்றது. அவளுடைய கொம்பாஸ் பெட்டி எனக்கு வந்தது. அப்பாவின் பெரிய பீங்கான் கோப்பையில் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் ஒருத்தி பெரிய மனுஷி ஆகிவிட முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

நான் வளர்ந்த கதை வேறு. சாதாரண தரம், ஏ.எல். என்கிற உயர்தரம், சில புள்ளிகளில் தவறிய பல்கலைக்கழகம், மறுபடியும் உயர்தரம். அப்புறம் பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பு, பண்டாரவளையில் இங்கிலீஷ் வகுப்பு, தோட்டப் பள்ளியில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர் வேலை, ஆசிரியர் நியமன நேர்முகம், அதன் முடிவுக்கான காத்திருப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இருபத்தைந்திலும் ஏன் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் போதும், நான் மேடையேறிவிடுவேன். படிப்பு நீண்டுவிட்டது, வேலை சுருங்கிவிட்டது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரிசை என்று அடுக்குவேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். நான் பிள்ளையாக இருந்த ஒவ்வொரு வருடமும் என் இடத்தில் இன்னொருத்தி பெரியவளாக இருந்துகொண்டிருந்தாள்.

அது எனக்கு உறைத்தது இருபத்து மூன்று வயதில், பூனாகலைத் தோட்டத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா நெஞ்சு நோவால் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். அக்கா பூனாகலைக்குப் போனால் அவளுடைய பெயரும் போகும், கூடவே கூரையும் போகும். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கையால் காட்டி, "தம்பி என்னா செய்யுறாரு?" என்று கேட்டாள். "படிக்கிறான்" என்றாள் அம்மா. "இன்னுமா? அப்ப எங்க மவனுக்குப் பேரப்புள்ள பொறந்தப்புறந்தான் முடிப்பாரு போல." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மாப்பிள்ளையை விட அவள் காகிதத்தில் ஒரு வயது மூத்தவள் என்ற பேச்சு வந்தபோது, "எனக்கு வயசு ரெண்டு இருக்கு. கோயிலுக்கு ஒன்னு, ஆபீசுக்கு ஒன்னு. ஒங்களுக்கு எது வேணும்?" என்று அவளே கேட்டு அவர்களை மடக்கினாள். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

அவர்கள் போனபின் அம்மா மெதுவாகக் கேட்டாள். "நீ பேர் பதிஞ்சிக்கிறியாப்பா?" நேர்முகம் முடியட்டும், ஆறே மாதம் என்றேன். அக்கா கோப்பைகளைக் கழுவினாள். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துத்தான் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, வேறொரு பெண்ணின் பெயரோடு. அக்கா அதைப் படித்துவிட்டு என் மடியில் போட்டாள். "போய்ச் சாப்பிட்டுட்டு வா. ஒனக்குத்தான் நேரம் இருக்கே."



இந்த மாதம் மொனராகலையிலிருந்து ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வருகிறார். மனைவியை இழந்தவர், கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். அக்காவுக்கு முப்பது, காகிதத்தில் முப்பத்து மூன்று. என் நியமனப் பட்டியல் இன்னும் வரவில்லை. போன திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் என் பிறப்புப் பத்திரத்தோடு ஆபீசுக்குப் போனேன். புதுக் கிளாக்கர், "ஏ.எல். படிச்சிட்டு கவ்வாத்துக்கா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாங்க என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா கத்தினாள். "இதுக்கா ஒன்ன படிக்க வச்சேன்? அந்த லிஸ்ட் நாளைக்கே வந்தா என்னடா செய்வ?" போவேன் என்றேன். "அப்ப வீடு?" என்றாள்.   அவளுக்காகப் போனேனா, அந்தப் பத்திரிகையின் குத்தலிலிருந்து தப்பிக்கப் போனேனா என்று எனக்கே தெரியாதபோது அவள் எப்படிச் சந்தோஷப்படுவாள்?

மறுநாள் காலை வாசலில் அதே பனி. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் சாக்கைச் சுற்றிக் கட்டத் தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அது நழுவி நழுவி விழுந்தது. பெரட்டுக்குக் கிளம்பிய அக்கா திரும்பி வந்தாள். உள்ளே போய்த் துருப்பிடித்த கொம்பாஸ் பெட்டியைத் திறந்து ஓர் ஊக்கை எடுத்து வந்தாள். சாக்கை இழுத்து இறுக்கி, என் இடுப்பில் குத்தினாள்.

"மூச்சு விட முடியலக்கா" என்றேன்.

"ஒழுங்கா நில்லு" என்றாள். முகம் நிமிரவில்லை. "காகிதத்துல இருக்கிற வயசு ஆளுலயும் தெரியட்டும்."