கூத்துப்பித்து என்னும் சொல்

அகராதி தொகுக்கும் ஐயா, அம்மா, கூத்தின்மீது தீராத ஆசை கொண்டவரைக் கூத்துப்பித்து என்கிறோம். பித்தம் தலைக்கேறி வரும் மயக்கமே பித்து ஆயிற்று என்பார்கள்.

முத்தாபுதுப்பேட்டையில் ஆண்டுதோறும் துரியோதனன் வேடம் கட்டிய என் அண்ணனை, நெஞ்சுவலி கண்ட பின் ஆடக் கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

“உயிரு பெருசா, கிரீடம் பெருசா?” என்று கேட்டார் அண்ணி.

“கிரீடம் இல்லாத உயிர வச்சிக்கினு இன்னாடி பண்றது?” என்றார் அண்ணன்.

இவ்வாண்டுத் திருவிழாவில் மேளம் கேட்டதும் வீட்டிலேயே அரிதாரம் பூசிக் கிரீடம் கட்டிக்கொண்டார். நாற்காலியில் அமர்ந்தபடி கைகளால் அடவு பிடித்தவர் அப்படியே சாய்ந்தார். வேடம் கலைக்கும்வரை ஒருவரை உறவு சொல்லி அழைப்பது எங்கள் வழக்கமன்று. “எந்திரி ராஜாவே” என்றே அண்ணி கதறினார். அவர் எழவில்லை.

மயக்கம் என்கிறது அந்தச் சொல். அவர் தெரிந்தேதான் கட்டினார். இக்குறிப்பைத் தயவுசெய்து பாதுகாத்து வையுங்கள்.